நாகலிங்கப் பூவை எந்த லென்ஸில் எடுத்தேன்?

1

இன்று காலையில் கடைக்கு வந்த ஒரு மனிதர், சுவரில் மாட்டியிருக்கும் நாகலிங்கப் பூப் படத்தின் முன்னால் நின்று, வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதையே கேட்டார்.

"இதுக்குன்னு தனி லென்ஸு சீமையிலேருந்து வரவழைச்சீங்களாக்கும்?"

லால்குடிப் பக்கத்து ஆள். மலாயாவுக்கு வந்து ரொம்ப வருஷமாகிறதாம். "உங்க மூஞ்சியை எந்த லென்ஸுல எடுக்கப்போறேனோ, அதே லென்ஸுலதான் அதையும் எடுத்தேன். உக்காருங்க. ரெண்டு காதும் தெரியணும்" என்றேன். அவர் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். போகட்டும்.

இன்று அப்பாவுக்குத் திதி. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுக் கடையைத் திறந்த கையோடு இந்தக் கேள்வி வந்ததால் எரிச்சல் இன்னும் தணியவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஊரிலேயே இருக்கிற நீங்கள், ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களிடம் சொல்லி அனுப்பிக் கேட்கிறீர்கள். என்ன லென்ஸ், என்ன விலை, எங்கே கிடைக்கும். அந்தப் பூவை எடுத்ததால் என்ன ஆயிற்று என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதையும் சேர்த்தே இன்று எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். நான் கடை வைத்திருக்கிற ஈப்போ வரைக்கும் கேட்காது.

என் பிழைப்பு இப்போது பூ இல்லை, காது. காட்டுக்குள் கலகக்காரர்களோடு சர்க்காருக்குச் சண்டை நடக்கிறது என்பதால், மலாயாவில் இருக்கிற ஒவ்வொருவரும் படம் ஒட்டிய அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. லாரி லாரியாகத் தோட்டத்து ஜனங்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். எல்லோரும் கைதிகள் மாதிரி வரிசையில் நிற்கிறார்கள், நான் கைதிகளை எடுக்கிற மாதிரியே எடுக்கிறேன். போன வாரம் ஒரு கிழவியின் படம் ஆபீஸிலிருந்து திரும்பி வந்தது. காதில் தொங்கிய தண்டட்டியின் நிழல் விழுந்து காது சரியாகத் தெரியவில்லையாம். கழற்றிவிட்டு எடுக்கச் சொன்னார் துரை. கல்யாணமானது முதல் கழற்றாத தண்டட்டியைக் கழற்றினால் அது காதாகவா இருக்கும்? அந்தக் கிழவி அழுதுகொண்டே உட்கார்ந்தாள். அழுத முகத்தைத் துரை ஒப்புக்கொண்டார். காது தெரிந்ததே, போதும்.

2

லென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது.

என்னிடம் இருப்பது துருத்தி வைத்த பழைய பிளேட் காமிரா. எட்டத்தில் நிற்கிற ஆளை எடுக்கும்போது லென்ஸ், படம் பதிகிற கண்ணாடித் தகடான பிளேட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும். கிட்டத்தில் இருக்கிற பொருளை எடுக்க வேண்டுமானால், துருத்தியை இழுத்து லென்ஸைப் பிளேட்டிலிருந்து விலக்கிக்கொண்டே போக வேண்டும். வழக்கமான தூரத்தைப்போல் இரண்டு மடங்கு விலக்கிவிட்டால், பூ எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகவே நாம் பார்ப்பதற்கென்று பின்னால் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் விழும். அவ்வளவுதான். துருத்தி இல்லாத பெட்டிக் காமிரா வைத்திருக்கிறவர்கள், பொடி எழுத்துப் படிக்கிற பூதக்கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கண் வைத்துப் பார்க்கிற துவாரம் மேலே இருக்கும், லென்ஸ் கீழே இருக்கும். ரொம்பக் கிட்டப் போனால் நீங்கள் பார்க்கிறது ஒரு பூ, காமிரா பார்க்கிறது வேறு பூ. அதற்கு நான் ஜவாப்தாரி இல்லை.

துருத்தியை இழுக்க இழுக்க வெளிச்சம் செத்துப்போகும். ஒரு விநாடி போதும் என்ற இடத்தில் நாலு விநாடி திறந்து வைக்க வேண்டும். அதோடு, அத்தனை கிட்டத்தில் ஓர் இதழ் தெளிவாக இருந்தால் அடுத்த இதழ் புகையாக இருக்கும். இரண்டும் தெளிய வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தை ஊசிமுனையாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் இன்னும் நேரம் வேண்டும். அந்த நேரம் முழுக்கப் பூ அசையக்கூடாது. மனுஷனை அதட்டி உட்கார வைக்கலாம், காற்றை என்ன செய்வது?

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது பெரம்பலூர்ப் பக்கம், என் பெண்சாதி செல்லம் பிறந்த ஊரில், பருத்திக் காட்டில். சுதந்திரம் வந்த வருஷம், மழைக்காலம் முடிகிற சமயத்தில், நாங்கள் மூவரும் இங்கிருந்து கப்பலேறி ஊருக்கு வந்திருந்தோம். நான், செல்லம், எங்கள் ஒரே மகள் மங்கை. மங்கைக்கு அப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது. ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவள், ஊர் மண்ணை மிதித்தது அதுதான் முதல் தடவை. கப்பலுக்கு முன்னும் பின்னும் நடந்த கூத்தைச் சொன்னால் அதற்கே ஒரு புஸ்தகம் வேண்டும். திரும்பி வருவதற்கு அனுமதி, ஊசி போட்டதற்கு அத்தாட்சி, நாகப்பட்டினத்தில் இறங்கியதும் துணிமணிக்கெல்லாம் சோதனை. என் காமிராவைப் பார்த்துவிட்டு, யுத்தத்தில் வேவு பார்த்தவனா என்று ஒரு குமாஸ்தா கேட்டான். யுத்தத்தில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கினேன் என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டான்.

கரிசல் காட்டில் விடிந்ததும் போய், பருத்திச் செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, பூக்காம்பை நூலால் அதில் கட்டிவிட்டுக் காற்றுக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். முதல் நாள் வெளுத்த மஞ்சளாக விரிகிற பூ மறுநாளே சிவந்து சுருங்கிவிடும். என் பிளேட்டுக்கு மஞ்சளும் தெரியாது, சிவப்பும் தெரியாது. இருந்தாலும் எடுத்தேன். செல்லத்தின் அண்ணன் வரப்பில் நின்றுகொண்டு கேலி செய்வார்.

"ஏன் மாப்ள, இம்புட்டுத் தூரம் கப்பல்ல வந்தது பருத்திப் பூவுக்கு வைத்தியம் பாக்கத்தானா? நாடி எப்புடி இருக்கு? தேறுமா?"

கேலிதான் செய்தார்களே தவிர, ஒருத்தரும் தடுக்கவில்லை. பருத்திப் பூ சாமிக்கும் போகாது, தலைக்கும் ஏறாது. அவர்களுக்கு அது பஞ்சு வெடிப்பதற்கு முந்திய ஒரு தொந்தரவு. நான் எங்கள் ஊருக்குப் போனதும்தான் வினை ஆரம்பித்தது.

3

எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி மாட்டுவண்டி பிடிக்க வேண்டும். செல்லம் தாய்வீட்டில் இன்னும் கொஞ்சநாள் இருக்கிறேன் என்றதால் மங்கையை மட்டும் அழைத்துக்கொண்டு வந்தேன். வண்டிக்காரனிடம் "துங்கு, துங்கு" என்று சொல்லிவிட்டேன். மலாயில் பொறு என்று அர்த்தம், பல வருஷத்துப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாட்டை இன்னும் வேகமாக முடுக்கினான். சாயங்காலத்துக்குள் அந்த 'துங்கு' ஊர் முழுக்கப் பரவி, சபாபதி தம்பிக்குத் தமிழ் மறந்துபோச்சாம் என்று ஆகிவிட்டது.

சபாபதி என் அண்ணன். எங்கள் குடும்பத்துக்கு ஊர்ச் சிவன் கோயிலில் பூக்கைங்கரியம். நந்தவனம் நாங்கள் வைத்தது. பூவும் மாலையும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அதற்குக் கைம்மாறாக, திருவாதிரை அன்று சுவாமிக்குச் சாத்திய பட்டைத் தலையில் கட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு முதல் மாலை போடுவார்கள். பரிவட்டம் என்பது அதுதான். ஒரு வருஷம் மூத்தவன், மறு வருஷம் இளையவன் என்று அப்பா ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்லிவைத்திருந்தார். நான் கப்பலேறியதும் என் முறையையும் அண்ணனே பார்த்துக்கொண்டான். ஜப்பான்காரன் காலத்தில், கடிதமும் கப்பலும் நின்றுபோயிருந்தபோது, அப்பா இறந்தார். எனக்குத் தெரிந்தது யுத்தம் முடிந்த பிறகு.

நான் வந்தது அந்த முறைக்காகத்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பட்டுத் துணி என் தலையில் ஏற வேண்டும், என் பேரோடு மங்கையின் பேரையும் சேர்த்து அந்த மண்டபத்தில் கூப்பிட வேண்டும். ஈப்போவில் நாங்கள் யாரோ எவரோ. இன்றைக்கு வரிசையில் நிற்கிற காதுகள். ஊரிலாவது என் மகள் இன்னார் பேத்தி, இன்னார் மகள் என்று இருக்க வேண்டாமா? அதற்காகவே அவளுக்குப் பாவாடை தாவணி தைத்துக் கூட்டி வந்தேன்.

அண்ணன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"கடல் தாண்டிப் போனவனுக்கு ஏதுடா முறை? வந்தியா, நாலு நாள் தின்னியா, போயிட்டே இரு."

நாட்டாமை ஒருவர் இருந்தார், முறுக்கிய மீசையும் வெண்கலத் தொண்டையும். அவர்தான் எனக்காகப் பேசினார். "அவங்கப்பன் சொன்ன சொல்லு இருக்குல்ல சபாபதி. இந்த வருஷம் அவன் கட்டிக்கட்டும். அடுத்த வருஷம் அவன் எங்கேயோ, நீ எங்கேயோ." அண்ணன் வாயை மூடிக்கொண்டான். மனதை மூடவில்லை. என்னிடம் ஒரு குற்றம் கிடைக்காதா என்று எலிப்பொறி வைத்தவன் மாதிரி காத்திருந்தான்.

குற்றம் செய்ய எங்கள் வீட்டில் வாய்ப்பு நிறைய உண்டு. குளிக்காமல் பூவைத் தொடக்கூடாது. இடுப்புக்குக் கீழே கூடையை இறக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பூவை மோக்கக்கூடாது. மோந்த பூ சாமிக்கு எச்சில். அப்பா மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பறிப்பார். அண்ணனும் அப்படியே. சின்ன வயதில் நந்தியாவட்டைக்கு நேரே ஒருநாள் குனிந்துவிட்டேன் என்று அப்பா என் காதைப் பிடித்துத் தூக்கினது இன்னும் வலிக்கிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். பூவோடேயே கிடந்த எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

4

திருவாதிரைக்கு முதல் நாள் காலை. குளித்து, திருநீறு பூசி, சுத்தமாகத்தான் நந்தவனத்துக்குப் போனேன். நடுவில் நிற்கிற நாகலிங்க மரத்தில் பூ கிளையில் பூக்காது, அடிமரத்திலேயே பூக்கும். மார்பு உயரத்தில் ஒன்று அன்றைக்கென்றே விரிந்திருந்தது. உள்ளே லிங்கம், மேலே படமெடுத்த நாகம், சுற்றிலும் முனிவர்கள் உட்கார்ந்த மாதிரி பொடிப்பொடியாக. தடித்த காம்பு என்பதால் காற்றுக்கு அசையாது. பருத்திக் காட்டில் பட்ட பாட்டுக்கு இது வரப்பிரசாதம். நாளைக்குப் பரிவட்டம் ஏறுவதற்கு முன்னால் இன்றைக்கு இதை எடுத்துவிட வேண்டும் என்று மனசு துடித்தது.

முக்காலியை நட்டு, துருத்தியை முழுக்க இழுத்து, கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு குனிந்தேன். இத்தனை கிட்டத்தில் லென்ஸைத் திருகித் தெளிவு பார்க்க முடியாது. முக்காலியோடு மொத்தக் காமிராவையும் முன்னே ஓர் அரிசி, பின்னே ஓர் அரிசி நகர்த்த வேண்டும். மங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, நிழல் விழுந்த பாதியில் வெளிச்சம் திரும்பி அடிக்கும்படி வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பூ தலைகீழாக, கொழுத்துத் தெரிந்தது. நகர்த்தி நகர்த்தி லிங்கம் தெளிந்த நேரத்தில், கீழேயிருந்து ஒரு கறுப்பு எழும்பிப் பூவை மறைத்தது, அடுத்த கணம் போய்விட்டது. காக்கை நிழல் என்று நினைத்தேன். பிளேட்டைச் செருகினேன். மூடியைக் கழற்றினேன், மனதுக்குள் எண்ணினேன், மூடினேன். நல்ல படம் என்று கைக்கே தெரிந்துவிட்டது. இன்னொன்றும் எடுத்துவிடலாம் என்று மறுபடியும் துணிக்குள் குனிந்தேன்.

"மோந்துட்டான்! ஐயோ, சாமி பூவை மோந்துட்டான்!"

அண்ணன். மூக்கில் துண்டு கட்டியிருந்தும் அந்தக் குரல் தெற்குத் தெரு வரைக்கும் போயிருக்கும். துணியிலிருந்து நான் தலையை வெளியே எடுப்பதற்குள் குருக்கள் ஓடி வந்தார், பின்னாலேயே நாட்டாமை, அவருக்குப் பின்னால் பாதி ஊர்.

5

இதை எழுதிக்கொண்டிருக்கிறபோது மங்கை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கன்னியாஸ்திரீகள் நடத்துகிற கன்னிமார் பள்ளிக்கூடம், இங்கிலீஷ் படிப்பு. என்னை இப்போது 'டாடி' என்கிறாள். வாசலில் கோலம் இல்லாமல், இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்ன டாடி விசேஷம்?" என்று கேட்டாள். உன் தாத்தாவுக்குத் திதி என்றேன். "ஓ" என்றாள். ஒரே எழுத்து. ஸ்பூனால் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சிநேகிதி வீட்டில் பாட்டுப் பெட்டி கேட்கப் போய்விட்டாள். பெண்சாதியிடம் சண்டை போட்டேன். அவள் என்னிடம் சண்டை போட்டாள். பெண்ணின் தமிழில் பாதி உதிர்ந்துவிட்டது, மீதி எத்தனை நாளைக்கோ தெரியாது. கோபம் வருகிறது. ஆனால் அவளைக் குற்றம் சொல்ல வாயெடுத்தால், அந்த நந்தவனம் குறுக்கே வந்து நிற்கிறது.

6

முக்காலி நட்டது நட்டபடி இருக்க, மரத்தடியிலேயே விசாரணை நடந்தது. குருக்கள் பெரிய கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம்.

"காத்துல வர வாசனைக்குத் தோஷமில்லை. கிட்டப் போய் இழுத்தாத்தான் தோஷம். நீர் கிட்டப் போனீரா?"

"சாமி, என் மூக்குக்கும் பூவுக்கும் நடுவுல இவ்வளவு பெரிய பொட்டி இருக்கு. மூக்கு இருக்கறது பொட்டிக்குப் பின்னாடி."

அண்ணன் பாய்ந்து வந்து துருத்தியைக் காட்டினான். தொடவில்லை, தொட்டால் தீட்டு என்பதுபோல விரலை மட்டும் நீட்டினான்.

"இந்த மடிப்பைப் பாருங்க. கொல்லன் பட்டறையில இருக்கறதுதானே இது? காத்தை இழுக்காம வேற எதை இழுக்கும்? அந்தப் பக்கம் பூ, இந்தப் பக்கம் துணியைப் போத்திக்கிட்டு இவன் மூக்கு. வாசனை ஒரு பொட்டுக்கூட வெளியில போயிடக் கூடாதுன்னுதான் துணியைப் போத்தறான்!"

கூட்டம் "ஆமாம்ல" என்றது. அதுவரைக்கும் என் பக்கம் நின்ற நாட்டாமைகூடத் தாடையைத் தடவினார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்திருக்கக்கூடாது. சிரித்துவிட்டு, "நீங்களே உள்ள பூந்து பாருங்க. காத்து வருதா, வாசனை வருதான்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று நாட்டாமையிடம் துணியைத் தூக்கிப் பிடித்தேன்.

அவர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தவர் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"வாசனை கீசனை ஒண்ணுமில்ல. ஆனா எம்பெருமான் தலைகீழா நிக்கறாரு. நாகம் கீழ, லிங்கம் மேல. என்னய்யா அக்கிரமம் இது?"

கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் விழும், அது லென்ஸின் குணம் என்றேன். "திருச்சியில நீங்க நாற்காலியில உக்காந்து படம் எடுத்துக்கிட்டீங்களே, அந்தப் படக்காரன் கண்ணுக்கு நீங்களும் தலைகீழாத்தான் தெரிஞ்சிருப்பீங்க" என்று விளக்கம் சொன்னேன். நுணல் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? நாட்டாமையின் முகம் கறுத்துப்போயிற்று. நாற்காலியோடு தலைகீழாகத் தொங்கும் தன்னை ஒரு படக்காரன் பார்த்திருக்கிறான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த நிமிஷத்தோடு எனக்கு இருந்த ஒரே ஆதரவும் போயிற்று.

கடைசியில் குருக்கள்தான் வழி சொன்னார். கற்பூரம் ஏற்றி, மோக்கவில்லை என்று சொல்லி அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் முறை என்னுடையது. நான் உடனே சம்மதித்தேன். பொய் இல்லையே, பயம் எதற்கு? வெற்றிலையில் கற்பூரம் எரிந்தது. கையை நீட்டினேன்.

"பெரியப்பா," என்றாள் மங்கை. துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். "அப்பா மோக்கலை. நான்தான் மோந்தேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது, தலைகீழ்க் கண்ணாடியில் எழும்பின கறுப்பு காக்கை இல்லை, மேலேயிருந்து பூவுக்குக் குனிந்த என் மகளின் தலை.

"ஏன்டி மோந்தே?" அண்ணனுக்குக் குரல் கிறீச்சிட்டது.

"பூதானே பெரியப்பா?" என்றாள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஈப்போவில் பூவைக் கண்டால் எல்லோரும் மோக்கிறார்கள்.

கற்பூரம் அதுவாகவே எரிந்து அணைந்தது. கொஞ்சம் தள்ளிப் போய், குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார்கள். நாட்டாமை தீர்ப்புச் சொன்னார். குரலில் முன்பிருந்த சிநேகம் இல்லை.

"உன் பேர்ல குத்தம் இல்லைன்னு ஆயிடுச்சு. நாளைக்குப் பரிவட்டம் உனக்குத்தான், அதுல மாத்தமில்ல. ஆனா நாலு பேரு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு உன் கையால ரெண்டு வெச்சு, சாமி வாசல்ல விழுந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு. இனிமே அது நந்தவனத்துலயும் கோயில் படியிலயும் கால் வெக்கக் கூடாது. நாளைக்குக் கூப்பிடறப்போ அது பேரைச் சொல்லவும் கூடாது. அவ்வளவுதான், முடிஞ்சுது."

முடிந்தது. எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார்கள். நான் கடல் தாண்டி வந்து, குமாஸ்தாக்களிடம் எல்லாம் பல்லைக் காட்டி, எதற்காக வந்தேனோ அது என் தலைமேல் ஏறுவதற்குத் தயாராக இருந்தது. யாருக்காக வந்தேனோ அவளை அடித்தால் போதும். அண்ணன் என்னையே பார்த்தான். நான் அடிப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அப்பா எங்களை அடித்திருக்கிறார், எல்லோரும் எல்லோரையும் அடித்திருக்கிறார்கள். மங்கையும் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. பள்ளிக்கூடத்து நாடகத்தில் வசனம் மறந்துபோனவள் மாதிரி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்கிற பயம்.

என் கை எழும்பியது உண்மை. ஆனால் மரத்தின் பக்கம் போயிற்று. நான் படமெடுத்த அந்தப் பூவைக் காம்போடு ஒடித்தேன். துண்டு கட்டாமல், முகத்தைத் திருப்பாமல், அத்தனை பேர் பார்க்க, நாகத்தின் படத்துக்குள் மூக்கை வைத்து அடிவயிறு நிறைய இழுத்தேன். ஒரு தடவை இல்லை. போதும் போதும் என்கிற வரைக்கும்.

"இப்போ எங்க ரெண்டு பேரையும் சேத்து விலக்கி வெச்சுக்குங்க" என்றேன்.

குருக்கள் 'சிவ சிவா' என்று காதைப் பொத்திக்கொண்டார், மூக்கைப் பொத்தாமல். நாட்டாமை துப்பிவிட்டுப் போனார். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். மங்கை வீட்டிலிருந்து தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிப் பாதைக்குப் போய், அதன் மேல் உட்கார்ந்துகொள்ளட்டும் என்று அனுப்பிவைத்தேன். நான் துருத்தியைச் சுருக்கி, லென்ஸைத் துடைத்து, முக்காலியை மடித்தேன். மறுநாள் பட்டுத் துணி அண்ணனுக்குத்தான் என்பதை நினைத்தபோது, அழுகை வரவில்லை, யாரையாவது கடிக்க வேண்டும்போல் இருந்தது.

அண்ணன் மட்டும் போகவில்லை. எச்சில் பட்ட மரத்துக்குக் காவல் நிற்கிறானாக்கும் என்று நினைத்தேன். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், பக்கத்தில் நிற்கிறான். மூக்கில் கட்டியிருந்த துண்டைக் கழுத்துக்கு இறக்கியிருந்தான். அப்பாவுக்குப் பிறகு அத்தனை வருஷமும் தினம் விடிந்ததும் அந்தப் பூக்களை ஒரு தடவைகூட மோக்காமல் பறித்தவன். சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சின்ன வயதில் என்னிடம் பேசுகிற குரலில் கேட்டான்.

"உள்ள வாசனை எப்புடிடா இருந்துச்சு?"

நான் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். சொல்லவில்லை. அண்ணன் இதைப் படிப்பான் என்று தெரியும், அதனால் இங்கேயும் சொல்வதாக இல்லை.